இறங்கிக்கொண்டே போன மாமனார்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. மின்சாரக் கட்டணம் கட்டும்போது மட்டும் அது வெளியே வரும். மற்றபடி தெருவுக்கும் கடைக்கும் அவர் கரகர. பழைய ஸ்பீக்கர் எதுவாவது பாடுவதை விட்டுவிட்டுக் கரகரவென்று இருமத் தொடங்கினால், அதைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுப் பின்னறைக்குத்தான் வர வேண்டும். வாசலில் நின்று, "கரகர இருக்காரா?" என்று கேட்பார்கள். "இருக்காரு, உள்ள போங்க. எதையும் தொடாம போங்க" என்பாள் அவர் மனைவி.

தொடக்கூடாது என்று அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்து ஸ்பீக்கர் சிலவற்றில் காகிதக் கூம்புக்குப் பின்னால், அதைத் தாங்கும் இரும்புக் கூட்டின் உள்விளிம்பில், விரல் தடிமனுக்கு ஒரு ஃபோம் வளையம் ஒட்டியிருக்கும். கூம்பு அதிரும்போது அதன் ஓரம் தன் இஷ்டத்துக்கு ஆடாமல் பார்த்துக்கொள்வது அந்த வளையத்தின் வேலை. நல்ல வேலைதான். ஆனால் முப்பது வருஷம் போனால் ஃபோம் செத்துவிடும். செத்தாலும் கௌரவமாகச் சாகாது. தார் மாதிரி உருகி, கூம்பைப் பிடித்து இழுத்து, தொட்ட விரலோடு வந்து, அந்த விரல் தொட்ட டீ கிளாஸோடு போய், கடைசியில் அவர் மனைவியின் சீப்பில் போய் நிற்கும். இந்தக் கசடைச் சுரண்டி எடுத்து, அந்த இடத்தில் புது வளையம் வெட்டி ஒட்டுவதுதான் கரகரவின் பிழைப்பு.

சுரண்டுவது பெரிய விஷயமில்லை. ஐஸ் குச்சி போதும், பொறுமை போதும். புது ஃபோம்தான் அவரைப் படாத பாடு படுத்தியது. கடையில் விற்கிற எதுவும் அவருக்கு ஆகாது. கட்டை விரலால் அழுத்திவிட்டு விடுவார். அழுத்தின இடம் சடாரென்று எழுந்தால் அது கூம்பை முட்டும். எழாமலே கிடந்தால் ஓரம் மறுபடி ஆடும். சோம்பல் முறித்துக்கொண்டு எழ வேண்டும், அதுதான் அவர் கணக்கு. அப்படி எழுகிற ஃபோமைத் தேடி பஸ் சீட்டை அழுத்தினார், ஹெல்மெட்டுக்குள் விரலை விட்டார், செருப்புக் கடையில் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து ஒன்றும் வாங்காமல் வந்தார். ஒரு துக்க வீட்டில் நாற்காலி மெத்தையை அழுத்திக்கொண்டே, "ரொம்ப வேகமா எழுந்துடுது" என்று முணுமுணுத்து, செத்தவருடைய மகனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். திருந்தினாரா என்றால் இல்லை.

இந்த நிலைமையில்தான் மாமனார் வீட்டோடு வந்து சேர்ந்தார். மாமியார் போன பிறகு தனியாக எதற்கு என்று மகள் கூப்பிட்டாள், வந்துவிட்டார். வரும்போது லாரியில் கொண்டுவந்தது இரண்டே சாமான். ஒன்று, மூன்று பேர் உட்காரும் சோபா. வாங்கிய நாளிலிருந்து அதன் மூன்று மெத்தைகளுக்கும் தனித்தனியாகப் போட்ட பிளாஸ்டிக் உறையைக் கழற்றியதே இல்லை. உட்கார்ந்தால் சரக் சரக் என்று பேசும். இன்னொன்று, இடுப்புயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். அவற்றிலும் ஃபோம் உருகிப் போய்விட்டது. "நம்ம வீட்டுதுதானே மாமா, நிதானமா பண்ணிடலாம்" என்று கரகர அன்றைக்கே வாக்குக் கொடுத்தார். அந்த நிதானம் ஆறு வருஷம் நீண்டது.

மாமனார் வேலை பார்த்தது எடை மேடையில். சரக்கு லாரி உள்ளே வரும்போது பாரத்தோடு ஒரு தடவை, இறக்கிவிட்டுப் போகும்போது காலியாக ஒரு தடவை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் சரக்கு. இதையே வாழ்நாள் முழுக்கச் செய்தவருக்கு எதைப் பார்த்தாலும் எடைதான் கண்ணில் படும். "உங்க சித்தப்பா எழுபத்தெட்டு இருப்பாரு" என்பார், வயதைச் சொல்கிறார் என்று நினைத்தவர்கள் மறுத்துப் பேசி மாட்டிக்கொள்வார்கள். சோபா வாங்கிய அன்றே அதன் மெத்தைகளை மேடைக்குப் பக்கத்து மூட்டைத் தராசில் ஏற்றி எடை பார்த்த மனிதர் அவர். வேறு யார் செய்வார்கள் சொல்லுங்கள்.

ஒரு நாள் கரகரவின் கையிலிருந்து திருகாணி ஒன்று உருண்டு சோபாவுக்கு அடியில் போனது. குப்புறப் படுத்துத் துழாவியபோது சட்டத்தின் இடைவெளியில் கை பட்ட மெத்தையில் உறையும் அடித்துணியும் ஓரிடத்தில் கிழிந்திருந்தன. விரல் உள்ளே போனது. அழுத்தினார், விட்டார். அது சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்தது. கரகரவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிளாஸ்டிக்குக்குள் காற்றும் வெயிலும் படாமல் பத்திரமாக இருந்ததோ, அல்லது அது வேறு ஜாதி ஃபோமோ, இத்தனை வருஷத்தில் துளி கூட உருகவில்லை. ஊரெல்லாம் தேடியது தன் வீட்டில், அதுவும் மாமனாரின் அடியில் இருந்திருக்கிறது.

முதலில் ஒரே ஒரு வளையம்தான் எடுத்தார். மாமனார் ஜன்னலோரம் இடது கோடியில்தான் உட்காருவார். அதனால் வலது கோடி மெத்தையைத் திருப்பி, அடியிலிருந்து வெட்டினார். அந்த வளையம் தெருமுனை டாக்டரின் கிளினிக் ஸ்பீக்கருக்குள் போனது. டாக்டர் கேட்டுவிட்டு, "இது இவ்வளவு நல்லா பாடும்னு எனக்கே தெரியாது" என்றார். கரகரவுக்கு உச்சி குளிர்ந்து போனது. அப்புறம் கை நிற்குமா? மாமனார் குளிக்கப் போனால் சாமானியத்தில் வெளியே வர மாட்டார். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்க ஆரம்பித்ததும் இவர் பிளேடோடு வந்துவிடுவார்.

ஆனால் ஒன்றை அவர் மறந்துவிட்டார். வாரம் ஒரு முறை அவர் மனைவி அந்த மூன்று மெத்தைகளையும் இடம் மாற்றிப் போடுவாள், ஒரே பக்கம் அமுங்கக் கூடாது என்று. குழி விழுந்த மெத்தை ஒரு நாள் மாமனாரின் இடத்துக்கு வந்து சேர்ந்தது. மாமனார் உட்கார்ந்தார். உட்கார்ந்து முடித்த பிறகும் கொஞ்சம் இறங்கினார்.

"மாப்பிள்ளை, நான் வெயிட் போட்டுட்டேனா?"

"அப்படி ஒண்ணும் தெரியல மாமா."

"இல்ல, போட்டிருக்கேன். இறங்குது."

அடுத்த வாரம் சரியாகிவிட்டது. அதற்கடுத்த வாரமும் நன்றாக இருந்தார். மறுபடியும் இறங்கினார். முறை வைத்துக்கொண்டு வருகிற இந்த வியாதியை டாக்டரிடம் சொன்னபோது அவர், "இறங்குதுன்னா எது, சுகரா பிரஷரா?" என்று கேட்டார். "நானே இறங்குறேன்" என்றார் மாமனார். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், வேறு என்ன செய்வார் பாவம். அங்கே காத்திருக்கும்போது கேட்ட பாட்டு மட்டும் மனசுக்கு இதமாக இருந்தது என்று வீட்டுக்கு வந்து மாமனார் சொன்னார். கரகர பின்னறைக்குப் போய்விட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் புத்தியுள்ள மனிதன் என்ன செய்திருப்பான்? கை வைப்பதை நிறுத்தியிருப்பான். கரகரவுக்குத் தொழில் புத்தி. ஸ்பீக்கரில் ஒரு பக்கம் வளையம் மாற்றினால் மறுபக்கமும் அதே கனத்தில், அதே ஃபோமில் மாற்றுவார். இரண்டும் ஒன்றுபோல் இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஒரு மெத்தை மட்டும் குழியாக இருப்பதால்தானே வித்தியாசம் தெரிகிறது என்று, மற்ற இரண்டையும் அதே அளவுக்கு வெட்டிச் சமமாக்கினார். மூன்று மெத்தையும் ஜோடி பொருந்தி நின்றன. விட்டு விட்டு வந்த வியாதி நிரந்தரமாகிவிட்டது.

மாமனார் ராத்திரிச் சாப்பாட்டை விட்டார். காலையில் நடந்தார். குளியலறைத் தராசில் ஏறினால் முள் குறைவாகத்தான் காட்டியது. சோபாவில் உட்கார்ந்தால் முன்னைவிட ஆழமாகப் போனார். எடை குறைகிறது, பாரம் ஏறுகிறது. இப்படி ஒரு வண்டியை வாழ்நாளில் அவர் பார்த்ததில்லை. ஜன்னல் வேறு அவரைப் பயமுறுத்தியது. முதலில் எதிர்க்கடைப் பலகை முழுதாகத் தெரியும். பிறகு அதன் மேல் பாதிதான் தெரிந்தது. பிறகு மாடிக் கைப்பிடி, பிறகு மரத்தின் உச்சி. கடைசியில் வானமும் ஒரு கம்பியும் மட்டும்தான்.

"மாப்பிள்ளை, எனக்கு இப்பல்லாம் வானம்தான் தெரியுது" என்றார் ஒரு நாள்.

இதற்கு நடுவில் அந்த வீட்டில் இன்னொரு அதிசயமும் நடந்துகொண்டிருந்தது. கரகரவின் மனைவி டிவியைப் பார்த்துக் காலையில் கையைக் காலை நீட்டி உடற்பயிற்சி செய்யத் தொடங்கியிருந்தாள். அது வேலை செய்தது. முன்பெல்லாம் இரண்டு கையால் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிய மெத்தையை இப்போது ஒரு கையால் தூக்கினாள். பிறகு இரண்டு விரலால் தூக்கினாள். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு வந்து தூக்கிக் காட்டினாள். சின்ன வயதிலிருந்து நோஞ்சான் என்றே பெயர் வாங்கியவள். தன்னைப் பற்றித் தனக்கே ஒரு மதிப்பு வந்தது அவளுக்கு அதுதான் முதல் தடவை. "பாத்தீங்களாங்க" என்று புஜத்தை மடக்கிக் காட்டுவாள். "ம்" என்பார் கரகர, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

அவர் ஒன்றுமே செய்யாமல் இருந்தார் என்று சொல்ல மாட்டேன். கடையில் மலிவு ஃபோம் வாங்கி வந்து மூன்று மெத்தையின் வயிற்றிலும் அடைத்தார். மாமனார் வந்து உட்கார்ந்தார். அது அவரைத் தூக்கிப் போட்டது. மாமனார் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, முகம் வெளுத்து, "அம்மாடி, உடம்புல கனமே இல்ல. மிதக்குறேன். சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லிடு" என்றார். அவர் மறுநாள் குளிக்கப் போனதும் கரகர அவ்வளவையும் பிடுங்கி எறிந்தார். மாமனார் மறுபடி இறங்கினார், ஆனால் மனசு திரும்பவில்லை. இறங்குவதும் மிதப்பதும் சேர்ந்து வந்தால் அது முடிவு என்று அவர் தீர்மானமாக நம்பிவிட்டார்.

அதன் பிறகு சாப்பாட்டை அடியோடு குறைத்துவிட்டார். கைக்கடிகாரத்தை டாக்டருக்குக் கொடுத்தார், குடையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். மகள் தட்டை வைத்துக்கொண்டு அழுதாள். "இனிமே இதுல எதுக்கும்மா பாரம் ஏத்தணும்" என்று தட்டைத் தள்ளினார். விளையாட்டாக ஆரம்பித்தது விளையாட்டாக இல்லை என்று கரகரவுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இப்படியே போனால் இந்த மனிதர் நிஜமாகவே போய்விடுவார். கொன்றது தன் பிளேடுதான். அவருக்கு மாமனாரைப் பிடிக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிடுவது என்று முடிவு கட்டி, முன்னால் போய் நின்று, "மாமா, அந்த சோபா..." என்று ஆரம்பித்தார்.

"ஆமா மாப்பிள்ளை. இந்த வீட்டுல நான் நம்புறது ரெண்டுதான். ஒண்ணு இந்த சோபா, இன்னொண்ணு நீங்க" என்றார் மாமனார். கரகர பிளேடு இருந்த சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார்.

"ஒரே ஒரு ஆசை இருக்கு. அந்த ஸ்பீக்கர சரி பண்ணிக் குடுத்துடுங்க. என் டேப்ப ஒரு தடவ கேட்டுட்டுப் போயிடுறேன்."

அந்த டேப்பில் பாட்டு கிடையாது. டேப் ரிக்கார்டர் வாங்கிய புதிதில் மாமனார் அதை எடை மேடைக்குக் கொண்டுபோய், ஒரு நாள் முழுக்கத் தான் எடை கூவுவதைப் பதிவு செய்து வைத்திருந்தார். சாகும் முன் கேட்க விரும்பியது தன் குரலைத்தான்.

கரகரவின் நிலைமையைப் பாருங்கள். பெட்டி பெரியது, கூம்பு பெரியது, வளையமும் பெரியது. ஒட்டுப் போட்டால் ஒலியில் தெரிந்துவிடும். ஒரே துண்டாக வேண்டும். அவ்வளவு அகலத்துக்குச் சேதமில்லாத ஃபோம் உலகத்தில் ஒரே இடத்தில்தான் மிச்சம் இருந்தது, மெத்தைகளின் நடுவில். மாமனாரின் கடைசி ஆசையை நிறைவேற்ற மாமனாரின் கடைசி ஆதாரத்தை வெட்ட வேண்டும். வெட்டாவிட்டால் ஆசை தீராமல் போவார், வெட்டினால் தரையைத் தொடுவார். மாமனார் குளிக்கப் போனார். கரகர ஒரு மெத்தையிலிருந்து ஒரு வளையம், இன்னொரு மெத்தையிலிருந்து ஒரு வளையம் எடுத்தார். பெட்டி இரண்டுதான், வளையம் இரண்டுதான் வேண்டும். ஆனால் மூன்றாவது மெத்தை மட்டும் வித்தியாசமாக நிற்குமே. அதிலும் ஒன்று வெட்டி, வேலை மேஜைக்கு மேலே ஆணியில் மாட்டினார்.

பின்னறையில் அவர் அப்படி ஒரு வேலையை அதற்கு முன் செய்ததில்லை. காந்தத்தின் இடுக்கில் துகள் விழுந்துவிடாமல் ஒட்டு நாடா போட்டு மறைத்தார். பழைய கசடைக் குச்சியால் சுரண்டி, ஸ்பிரிட் தொட்ட துணியால் இரும்புக் கூடு பளபளக்கும் வரை துடைத்தார். பசையை இரும்பில் மட்டும் தடவி, கூம்பில் ஒரு சொட்டுப் படாமல் வளையத்தை உட்கார வைத்தார். காய்ந்ததும் அதில் முனகல் மாதிரி ஒரு தாழ்ந்த சத்தத்தை ஓடவிட்டு, கூம்போரத்தில் காதை வைத்துக் கேட்டார். கரகரப்பு இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டார், வியர்வையா கண்ணீரா என்று அவருக்கே தெரியவில்லை.

பெட்டிகள் கூடத்துக்கு வந்தன. மாமனார் சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டு, தன் இடத்தில் உட்கார்ந்தார். சரக் என்றது. பிறகு இறங்கினார், இறங்கினார், அடிச்சட்டம் தடுக்கிற வரை இறங்கினார். முழங்கால் தாடையருகே வந்தது. கண்ணுக்கு நேரே இப்போது வானமும் இல்லை, ஜன்னலுக்குக் கீழே இருந்த சுவர்தான் தெரிந்தது. "நேரம் வந்துடுச்சு. போடுங்க மாப்பிள்ளை" என்றார், நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டு.

டேப் ஓடியது. லாரி இன்ஜின் உறுமியது கூடத்துக்குள்ளேயே வந்து நின்றதுபோல் இருந்தது. அதன் மேல் ஓர் இளங்குரல், கணீரென்று: "பாரத்தோட பதினாலு டன். அடுத்த வண்டி." மாமனாரின் உதடு கூடவே அசைந்தது. அடுத்த வண்டி, அதற்கடுத்த வண்டி. கரகரவின் மனைவி வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் அந்த இளங்குரல் யாரையோ பிடித்துக் காய்ச்ச ஆரம்பித்தது.

"யோவ், எங்கய்யா போற? பாரத்த மட்டும் போட்டுட்டுப் போனா சரக்கு எவ்வளவுன்னு நான் என்ன ஜோசியமா சொல்றது? காலி வண்டிய எடை போடு. காலிய எடை போடாம ஒருத்தனும் கேட்டைத் தாண்டக் கூடாது."

சோபாவின் ஆழத்தில் மாமனார் கண்ணைத் திறந்தார். டேப் அடுத்த லாரிக்குப் போய்விட்டது. அவர் போகவில்லை.

"மாப்பிள்ளை. என்னைத் தூக்குங்க."

ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்தார்கள். "அம்மா, நீ போய் ஒரு தட்டு வை, அப்புறம் சொல்றேன்" என்று மகளை அடுப்படிக்கு அனுப்பினார். பிறகு கரகரவைப் பார்த்து, "அந்தத் தராச எடுத்துட்டு வாங்க" என்றார். கரகர குளியலறைத் தராசைக் கொண்டுவந்து வைத்தார். மாமனார் தன் மெத்தையை எடுத்து அதன் மேல் வைத்தார். முள் அசைந்ததா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

"வாங்கின அன்னைக்கு ரெண்டு கிலோ நூறு" என்றார் மாமனார். ஞாபகத்திலிருந்துதான் சொன்னார். "இத்தனை மாசமா பாரத்தையே எடை போட்டுட்டிருந்திருக்கேன். வண்டிய எடை போடல."

மெத்தையைத் திருப்பினார். உறையைத் திறந்தார். உள்ளே வட்டம் வட்டமாகக் குழிகள், நடுவில் பெரிதாக ஒன்று. கரகர பின்னறைக்குப் போய், ஆணியில் மாட்டியிருந்த வளையத்தை எடுத்து வந்து, அந்தப் பெரிய குழியில் வைத்தார். அச்சாகப் பொருந்தியது.

மாமனார் அதைக் கட்டை விரலால் அழுத்தினார், விட்டார். அது நிதானமாக எழுந்தது.

"டாக்டர் கிளினிக் ஸ்பீக்கர்லயும் இதானா?"

"அதுலயும் மாமா."

"அங்க உட்கார்ந்து நல்லா பாடுதுன்னு சொன்னேனே." வெறும் மணிக்கட்டைப் பார்த்து, "வாட்ச்ச வேற அந்த ஆளுக்குக் குடுத்துட்டேன்" என்றார். கரகர தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். திட்டு விழும், அடி கூட விழலாம், விழுந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தார். மாமனார் வயிற்றைத் தடவிக்கொண்டு, "பசிக்குது மாப்பிள்ளை. பயங்கரமா பசிக்குது" என்றார். கரகர அதைக் கேட்டதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மகள் தட்டோடு வந்தாள். அப்பா தட்டைப் பிடுங்காத குறையாக வாங்கித் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது அவளுக்கு. பிறகு திறந்து கிடந்த மெத்தையைப் பார்த்தாள். ஒன்றை எடுத்தாள், அடுத்ததை எடுத்தாள், மூன்றாவதன் வயிற்றுக்குள் கையை விட்டாள். கை மறுபக்கம் வரை போனது. கணவரைப் பார்த்தாள். கரகர திருதிருவென்று விழித்தார்.

"அப்ப எனக்குப் பலம் வரலையா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை அவர்கள் இரண்டு பேரும் எதிர்பார்க்கவில்லை. மாமனாரின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது. உயிர் திரும்பி வந்த வீட்டில் எதையோ பறிகொடுத்தவள் போல அவள் மட்டும் நின்றாள். டேப் தன் பாட்டுக்கு எடை கூவிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. விறுவிறுவென்று போய், டேப்பை நிறுத்தி, ஒயரைப் பிடுங்கி, ஒரு ஸ்பீக்கர் பெட்டியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தாள். கரகர, "ஏய், ஏய், அது" என்று எழுந்தார். அதற்குள் பெட்டி தரையை விட்டுக் கிளம்பிவிட்டது. அதை நெஞ்சோடு தூக்கிக்கொண்டு கூடத்தைக் கடந்து அப்பாவின் எதிரில் வந்து நின்றாள்.

மாமனார் பெட்டியைப் பார்த்தார், மகளின் கையைப் பார்த்தார், வாயிலிருந்ததை முழுங்கினார்.

"மாப்பிள்ளை, இந்தப் பெட்டிலேர்ந்து ஏதாவது எடுத்தீங்களா?"

"இல்ல மாமா, சத்தியமா. வளையம் சேர்க்கத்தான் செஞ்சேன்."

"லாரிலேர்ந்து இத இறக்க ரெண்டு ஆள் வந்தாங்க. நானே போட்ட எடை, இருபத்தாறு கிலோ." வளையத்தையும் மனசுக்குள் கூட்டிக்கொண்டார். "இருபத்தாறும் கொஞ்சமும். கழிக்க ஒண்ணும் இல்லம்மா."

"இன்னொரு தடவ சொல்லுங்கப்பா" என்றாள் அவள், பெட்டியைக் கீழே வைக்காமல்.